ஆணிக்கும் சுரைக்கும் பொது அளவு வந்த வரலாறு

பட்டறையொன்றிற் பத்துப் பேர் கூடிப் பயன்படுத்தும் இயந்திரம் பழுதுற்றால், அதனைச் சீர்செய்ய வந்தவன் முதற்கண் தேடுவது பெரும்பாலும் ஒரு திருகாணியைத்தான். ஆணி கிடைத்துப் பொருந்திவிட்டால் வேலை நடக்கும். பொருந்தாவிடிற் பத்துப் பேரும் கைகட்டி நிற்பர். இன்று கடைக்குச் சென்று அளவைச் சொன்னால் ஆணியும் அதற்கேற்ற சுரையும் உடனே கிடைக்கின்றன. இவ்வெளிமை தொன்றுதொட்டு வந்ததென நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அஃது எந்நாட்டிலும் இல்லை. அது வந்த வழியை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றோம்.

அந்நாளில் ஒவ்வொரு கொல்லனும் தன் மனம்போன அளவில் ஆணிக்குப் புரி வெட்டினான். ஓர் ஆணிக்கென வெட்டிய சுரை பக்கத்திலுள்ள ஆணியிற் சேராது. நாஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் தம் வாழ்க்கை வரலாற்றில் இந்நிலையை நினைவுகூர்ந்துள்ளார். இயந்திரத்தைக் கழற்றும்போது எந்தச் சுரை எந்த ஆணிக்குரியது என்று குறி வைக்கவேண்டும். குறி தவறினால் மீண்டும் பூட்டுவது பெருந்தொல்லை. ஆணி முறிந்தாலோ, இயந்திரஞ் செய்தவனையே நாடிச் செல்லவேண்டும். அவன் இறந்துபட்டிருந்தால் வேறொருவன் புதிதாக அளந்து, புதிதாக வெட்டி, அரத்தால் இழைத்துப் பொருத்தவேண்டும். இயந்திரத்தை விலைகொடுத்து வாங்கியவன் அதற்கு உடையவனாயினும், செய்தவனுடைய பட்டறைக்கு என்றும் கட்டுப்பட்டவனாகவே இருந்தான்.

இக்கட்டை அறுக்கும் எண்ணம் முதலிற் போர்க்கருவியின் பொருட்டே எழுந்தது. பிரான்சு தேசத்தில் ஹோனோரே பிளாங் என்னும் துப்பாக்கித் தொழிலாளர், ஒரு துப்பாக்கியின் விசை உறுப்புகள் மற்றொன்றிலும் பொருந்துமாறு செய்ய முயன்றார். அமெரிக்கத் தூதராய் அங்கிருந்த ஜெபர்ஸன் 1785ஆம் ஆண்டில் அவருடைய பட்டறைக்குச் சென்றார். ஐம்பது விசைகளின் உறுப்புகள் பிரித்து வைக்கப்பட்டிருக்க, கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார், அவை பொருந்தின. இதனைத் தம் நாட்டுக்கு வியந்து எழுதினார். பின்னர் 1798இல் எலை விட்னி என்பார் பதினாயிரம் துப்பாக்கி செய்து தருவதாக அமெரிக்க அரசினரோடு ஒப்பந்தஞ் செய்து, 1801இல் தலைநகரில் உறுப்புகளை மாற்றிப் பூட்டிக் காட்டிப் பெரும்புகழ் கொண்டார். ஆயின் அவர் செய்த துப்பாக்கிகளை ஆராய்ச்சியாளர் பிற்காலத்திற் பிரித்துப் பார்த்தபோது உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிச் சேரவில்லை. இரண்டாண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலையும் 1809 வரை நீண்டது. பள்ளிப் புத்தகங்களில் ஆங்கிலம் வழி நாம் படித்த வீரர் கதைகளை இப்படி ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நன்று.

சொன்னதைச் செய்து முடித்தவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் ஊரிலிருந்த அரசாங்க ஆயுதசாலையில், 1820களில், இயந்திர வெட்டாலும் அளவுகோற் சோதனையாலும் உறுப்புகள் மாறிப் பொருந்தும் துப்பாக்கிகளை அவர் உண்டாக்கினார். அரமும் கைத்திறனுமே செல்வமாகக் கொண்ட பழைய தொழிலாளர் பலர் இம்முறையை விரும்பவில்லை. அவ்வாயுதசாலையில் கட்டுப்பாடுகளை இறுக்கிய மேலதிகாரி ஒருவரை, வேலையினின்றும் நீக்கப்பட்ட தொழிலாளி ஒருவன் 1830இல் சுட்டுக் கொன்றான். கொலையை யாம் நியாயப்படுத்தோம். எனினும், பொது அளவு என்னும் நன்மை வந்தபோது அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதை மறைத்தெழுதுவது வரலாறாகாது.

நிற்க. ஆணியின் புரிக்கு ஒழுங்கு தந்தவர் ஹென்றி மாட்ஸ்லி. 1771இல் பிறந்த இவர், பிராமா என்னும் பூட்டுச் செய்வோரிடம் தலைமைத் தொழிலாளராய் இருந்தார். வாரத்துக்கு 30 ஷில்லிங் சம்பளம். உயர்த்தித் தருமாறு கேட்டார்; மறுக்கப்பட்டார்; 1797இல் வெளியேறித் தனிப்பட்டறை வைத்தார். சில ஷில்லிங்கை மிச்சப்படுத்திய முதலாளி இழந்தது எத்துணை என்று பாருங்கள்! புரி வெட்டும் கடைசல் இயந்திரத்தை மாட்ஸ்லி திருத்தமாக அமைத்தார். ஒரே அளவில் எத்தனை ஆணி வேண்டினும் அதில் வெட்டலாம். தம் பட்டறையில் இன்ன பருமனுக்கு இன்ன புரி என்று ஒரு நியதியும் ஏற்படுத்தினார். இது அவர் பட்டறைச் சுவருக்குள் மட்டும் செல்லுபடியான நியதி. ஆயினும் அங்குப் பயின்று வெளியேறியவர்கள் நாஸ்மித், கிளெமெண்ட், விட்வொர்த் போன்றோர்.

இவருட் கிளெமெண்ட் என்பாரைக் குறித்து ஒன்று சொல்லிச் செல்லவேண்டும். பாபேஜ் அறிஞருக்காகக் கணக்கிடும் இயந்திரஞ் செய்யும் பொறுப்பை இவர் ஏற்றார். அதற்கு அரசாங்கம் பணங் கொடுத்தது. 1833இல் பிணக்குண்டாகி வேலை நின்றபோது, அப்பணத்தால் உண்டாக்கிய சிறந்த கருவிகளை எல்லாம் அவரே வைத்துக்கொண்டார். கருவி தொழில் செய்பவனுக்கே உரியது என்பது அக்காலத் தொழில் வழக்கு. பாபேஜின் இயந்திரம் முற்றுப்பெறவேயில்லை.

ஜோசப் விட்வொர்த் 1833இல் மான்செஸ்டர் நகரிற் பட்டறை தொடங்கினார். இங்கிலாந்தின் பட்டறைகள் பலவற்றினின்றும் ஆணிகளைத் திரட்டி அளந்து, 1841ஆம் ஆண்டிற் சிவில் பொறியாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். அதில் அவர் கைக்கொண்ட முறையே எம்மை மிகவும் கவர்வது. தம் அளவே சிறந்ததென்று அவர் வாதாடவில்லை. திரட்டிய ஆணிகளின் சராசரியை எடுத்துக்கொண்டார். புரியின் கோணம் 55 பாகை. முகடும் அடியும் உருண்டை. கால் அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 20 புரி, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8 என்று வகுத்தார். சராசரி என்பதனால் ஒவ்வொருவரும் சிறிது விட்டுக்கொடுக்க நேர்ந்தது. எவரும் முற்றிலும் தோற்கவில்லை. இரயில்வேப் பட்டறைகள் அதனை ஏற்கவே, மற்றையோரும் பின்தொடர்ந்தனர். கிரிமியப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்கு விரைவிற் பீரங்கிப் படகுகள் தேவைப்பட்டன. ஜான் பென் என்பார் மாதிரி இயந்திரத்தைப் பிரித்து, உறுப்புகளை வெவ்வேறு பட்டறைகளுக்குப் பங்கிட்டு அனுப்பினார். ஏறத்தாழ 90 நாளில் 90 இயந்திரங்கள் முடிந்தன. ஓர் ஊரிற் செய்த ஆணி மற்றோர் ஊரிற் செய்த சுரையிற் சேர்ந்தது.

அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வேறொரு திட்டங் கொணர்ந்தார். 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் அவருடையவை. விட்வொர்த்தின் உருண்டை முகட்டை வெட்டப் பல வெட்டுக்கருவிகளும் தேர்ந்த கையும் வேண்டும். தம்முடையதைச் சாதாரணத் தொழிலாளியும் ஒரே கருவியால் வெட்டலாம் என்பது அவர் வாதம். சிறு பட்டறையை நினைத்துப் பேசிய வாதம் அது. அதில் நியாயம் உண்டு. ஆனால் உலகில் இரண்டு "பொது அளவுகள்" ஏற்பட்டுவிட்டன. கால் அங்குல ஆணிக்கு இருவரும் 20 புரியே வைத்தனர். அரை அங்குலத்துக்கோ விட்வொர்த் 12, செல்லர்ஸ் 13. இந்த ஒரு புரியின் வேறுபாட்டால் ஆணி சுரைக்குட் சிறிது நுழைந்து சிக்கிக்கொள்ளும்.

பொது அளவின்மை எத்தகைய கேடு செய்யும் என்பதைப் பால்டிமோர் நகரம் 1904ஆம் ஆண்டு பிப்ரவரியிற் கண்டது. நகரந் தீப்பற்றியபோது வாஷிங்டன், பிலடெல்பியா முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்புப் படைகள் விரைந்து வந்தன. அவர்கள் கொணர்ந்த குழாய்களிற் பல, நகரத் தண்ணீர்க் குழாய்களின் புரியிற் சேரவில்லை. 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன.

இரண்டாம் உலகப்போரில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான இயந்திரத்தை அமெரிக்காவிற் செய்ய பாக்கார்டு கம்பெனி முன்வந்தது. ஆங்கிலப் புரிகளை வெட்டும் கருவிகள் அமெரிக்கச் சந்தையிற் கிடையாமையால், அவற்றையும் அக்கம்பெனியே செய்துகொள்ள நேர்ந்தது. ஆங்கிலப் புரியுடனேயே 55,000க்கு மேற்பட்ட இயந்திரங்கள் அங்குச் செய்யப்பட்டன. போருக்குப்பின், 1948 நவம்பர் 18இல், பிரிட்டன், அமெரிக்கா, கானடா ஆகிய மூன்று நாட்டாரும் வாஷிங்டனிற் கூடி ஒரே புரிக்கு உடன்பட்டனர். கோணம் 60 பாகை. விட்வொர்த்தின் அளவுகள் 1965இற் பிரிட்டனிலேயே வழக்கொழிய வேண்டியவையாக அறிவிக்கப்பட்டன. மில்லிமீட்டர் அளவு முதலிடம் பெற்றது.

இவ்வரலாறு மலையாநாட்டுத் தமிழர்க்கு அயலானதன்று. ஆங்கில நாட்டு இயந்திரங்களோடு விட்வொர்த் ஆணியும் இங்கு வந்தது. செந்தூல் இரயில்வேப் பட்டறையிலும் தோட்டத்து ரப்பர்ச் சாலைகளிலும் நம் முன்னோர் ஸ்பேனர் பிடித்துப் பழகியது அந்த அங்குலக் கணக்கில்தான். 1970களில் மலேசியாவும் சிங்கப்பூரும் மெட்ரிக் முறைக்கு மாறின. ஆயினும் பழைய இயந்திரங்கள் சட்டத்தைப் படித்துத் தம் புரியை மாற்றிக்கொள்ளவில்லை. தோட்டத்து ஸ்டோர்ப் புத்தகம் எழுதும் கிராணியாகிய எமக்கு இது நாள்தோறும் காணும் செய்தி: ஒரு பக்கம் அரை அங்குல ஆணி, மறுபக்கம் 12 மில்லிமீட்டர் ஆணி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். அரை அங்குலச் சுரைக்குள் 12 மில்லிமீட்டர் ஆணி தளர்வாக நுழைந்து, சில சுற்றில் இறுகியதுபோல் நிற்கும். அதனை நம்பி இயக்கினாற் புரி உரிந்துவிடும். உருளையின் காப்பு அத்தகைய ஆணியில் தொங்குமாயின், போவது அதன் அருகில் நிற்கும் தொழிலாளியின் விரல். ஸ்டோரில் இரண்டு அளவையும் ஒரே பெட்டியிற் கொட்டி வைப்பது சோம்பல் மட்டுமன்று, குற்றமுமாகும் என்று யாம் துணிந்து கூறுவோம். பெட்டிக்கு இரண்டு வர்ணம் பூசவும் புரியளவுச் சீப்பு ஒன்று வாங்கவும் ஆகும் செலவு அற்பம். பட்டறையிற் பலர் கை படும் கருவிக்கு இதனைச் செய்யவேண்டியவர் யார் என்ற வழக்கிலேயே பல ஆண்டு கழிந்துவிடுகிறது.

விட்வொர்த் முற்றிலும் மறையவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். தண்ணீர்க் குழாயின் புரியில் அவருடைய 55 பாகைக் கோணம் இன்றும் வழங்குகிறது. குழாய்க் கடையில் "அரை அங்குலம்" என்று நாம் கேட்டு வாங்குவதில் அங்குலத்துக்கு 14 புரி உண்டு. அதன் வெளிப்புறத்தை அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். அரை அங்குலம் அதில் எங்கும் அகப்படாது. பழைய இரும்புக் குழாயின் உட்துவாரத்துக்கு இட்ட பெயர், துவாரம் மாறிய பின்னும் நிலைத்துவிட்டது.