சிறுநீரக நோயும் கர்ப்பமும்

நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள பெண் கருவுறும்போது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்துகள் நேரலாம். கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக வடிகட்டுவதால் ரத்தக் கிரியாட்டினின் இறங்க வேண்டும். சாதாரண நாளில் கவலை தராத டெசிலிட்டருக்கு 1.0 மி.கி. அளவு, கர்ப்பிணிக்கு எச்சரிக்கை. 1.4-ஐத் தாண்டினால் ரத்தக்கொதிப்பு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, சிறுநீரகம் மேலும் பழுதாவது ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது.

நம்மூர் வளைகாப்பு போலக் கொல்கத்தாவில் 'ஷாத்' நடக்கும். கர்ப்பிணிக்கு மீனும் பாயசமும் பரிமாறுவார்கள். அவள் கால் வீங்கியிருந்தால் 'மாசம் ஏறினால் அப்படித்தான்' என்பார்கள், அங்கும் இங்கும். ஆனால் அந்த வீக்கம் சிறுநீரகக் கோளாறாலும் வரலாம்; சிறுநீரைச் சோதிக்க வேண்டும். சிறுநீரில் தோய்த்த மஞ்சள் சோதனைப் பட்டை பச்சையாக மாறினால் புரதம் கசிகிறது என்று பொருள். பழைய பெயரை ஒட்டி 'பி.ஜி.' என்றே ஊரார் அழைக்கும் கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில், இத்தகைய கர்ப்பிணிக்குத் தேவையான சிறுநீரகவியல், மகப்பேறு இரண்டு துறைகளும் உண்டு.

ரத்தக்கொதிப்புக்கான மருந்துகளில் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லாபெடலால், நிஃபெடிபின் தரலாம். குறைந்த அளவு ஆஸ்பிரின் கர்ப்பத்தின் 12-ஆம் வாரத்தில் தொடங்கப்படும். டயாலிசிஸில் இருப்பவருக்கு நேரத்தைக் கூட்டுவதே வழி: கனடா ஆய்வொன்றில் வாரம் 36 மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களில் 85 சதவீதத்தினர் உயிருள்ள குழந்தை பெற்றனர். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் கருவுறக் குறைந்தது ஓராண்டு பொறுக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பெண்ணின் முதல் பிரசவம் 1958-இல் அமெரிக்காவில் நடந்தது. அவருக்குச் சிறுநீரகம் தந்தவர் அவரது இரட்டைச் சகோதரி.