சவேரியார் கழுத்தில் இருந்த அருளிக்கப் பதக்கம்



செந்தூல் வட்டாரத்தில் இரயில்வே பணிமனையை ஒட்டி வளர்ந்த கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டிமார் போற்றி வைத்த பழம்பொருள்களுக்கிடையே சிறு பதக்கம் ஒன்று இருக்கக்கூடும். கட்டைவிரல் நகத்தளவே உள்ள வட்டக்கூடு, முன்புறம் கண்ணாடி, உள்ளே பட்டுத்துணியின்மேல் ஒரு துகள், அதன் கீழே இலத்தீனில் ஒரு புனிதரின் பெயர் எழுதிய காகிதத் துணுக்கு. கூட்டின் உட்புறத்தைப் பட்டுநூலால் கட்டி, நூலின்மேல் அரக்கு முத்திரை இட்டிருப்பார்கள். பழைய கத்தோலிக்கத் தமிழில் இத்துகளுக்கு அருளிக்கம் என்று பெயர். இன்றைய வழக்கில் திருப்பண்டம் என்பர். புனிதரின் உடற்பகுதியை முதல் தரம் என்றும், அவர் உடுத்திய உடை, பயன்படுத்திய பொருள் முதலியவற்றை இரண்டாம் தரம் என்றும், இவற்றைத் தொட்ட துணியை மூன்றாம் தரம் என்றும் வகுப்பது நெடுநாள் மரபாகும்.

அத்தகைய பதக்கம் தங்கள் வீட்டில் இருப்பின் ஒரு வேண்டுகோள்: ஆர்வ மிகுதியால் அரக்கு முத்திரையை உடைத்துவிட வேண்டாம். முத்திரையும் உடன் வந்த சான்றிதழும் போய்விட்டால், உள்ளே இருப்பது யாருடையது என்று எவராலும் சொல்ல இயலாது. பழம்பொருள் கடைக்காரர் விலை பேசினாலும் மயங்க வேண்டாம். அருளிக்கத்தை விற்பதைத் திருச்சபைச் சட்டம் தடை செய்கிறது.

இத்தகைய பதக்கங்களுள் தமிழ்நாட்டையும் நம் மலாக்காவையும் ஒருசேரக் கண்ட ஒன்றைப் பற்றி எழுதவே இக்கட்டுரை. அதை அணிந்திருந்தவர் புனித பிரான்சிசு சவேரியார். நம் நாட்டில் அவர் பெயரால் பினாங்கில் பள்ளியும், மலாக்காவிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ஆலயங்களும் உள்ளன. ஆயினும் அவருக்கும் தமிழுக்கும் இருந்த தொடர்பை நம் மாணவருள் அறிந்தோர் சிலரே.

1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கிய சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். தூத்துக்குடி, மணப்பாடு முதலிய பரதவர் ஊர்களே அவர் பணியாற்றிய களம். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தோரை அருகே அமர்த்திக்கொண்டு, பல மாத உழைப்பில் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனனம் செய்தார். பின்னர்க் கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாக ஒலித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். நோயாளர் வீடுகளுக்கு வந்து செபிக்குமாறு அழைப்புகள் பெருகியபோது, செபம் கற்ற சிறுவர்களையே அனுப்பி வைத்தார் என்பதை அவர் 1544-ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய கடிதத்தால் அறிகிறோம். பெரியோர்க்குப் பிள்ளைகள் ஆசிரியராகிய அக்காட்சி, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இனிப்பதில் வியப்பில்லை. அவருக்குப் பின் அக்கரையில் பணிபுரிந்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சேறியது.

1545-ஆம் ஆண்டில் சவேரியார் மயிலாப்பூருக்குச் சென்று சில திங்கள் தங்கினார். இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் அங்கு உயிர் நீத்தார் என்பது தொன்றுதொட்டு வரும் மரபு. கிழக்கு நாடுகளுக்குப் போவதா வேண்டாவா என்று தெளிவு பெறாதிருந்த சவேரியார், அக்கல்லறையின் அருகே செபத்தில் ஆழ்ந்து, மலாக்காவுக்குப் புறப்படத் துணிந்தார். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் மலாக்கா வந்தடைந்தார்.

தோமையாரின் எலும்புத் துகள் ஒன்று அவர் கழுத்தில் இருந்த சிறு கூட்டில் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அக்கூட்டில் இருந்தது அத்துகள் மட்டுமன்று. தம் சபையின் தலைவரும் உயிர்நண்பருமாகிய இஞ்ஞாசியாரின் கையொப்பமும், தாம் எடுத்துக்கொண்ட துறவற வாக்குறுதியைத் தம் கையாலேயே எழுதிய தாளும் அதனுள் இருந்தன. இன்னும் ஒன்று உண்டு. 1546-ஆம் ஆண்டு மே மாதம் அம்போன் தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தோழர்களுக்கு அவர் ஒரு கடிதம் வரைந்தார். தோழர்கள் எழுதிய கடிதங்களில் அவரவர் கைப்பட எழுதியிருந்த பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து, வாக்குறுதித் தாளுடன் சேர்த்து எந்நேரமும் தாம் சுமந்து திரிவதாகவும், அதனால் மிக்க ஆறுதல் அடைவதாகவும் அதில் தெரிவித்தார்.

கடிதம் ஐரோப்பாவுக்குச் சென்று மறுமொழி வர ஆண்டுக்கணக்கில் ஆகும் காலம் அது. கத்தரித்த பெயர்களே அவருக்குத் தோழர்களின் முகங்கள்.

என் கருத்தில், அப்பதக்கத்தின் உண்மையான செல்வம் அத்தாள்களே. தோமையார் மயிலையில் இறந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவருடைய எலும்புகள் எதெசாவுக்குச் சென்று, 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவை அடைந்தன என்பது மற்றொரு மரபு. போர்த்துக்கீசியர் 1523-இல் மயிலையில் கல்லறையைத் தோண்டிக் கண்டெடுத்த எலும்புகளையே தோமையாருடையவை என்று போற்றினர். ஆகவே அத்துகளை நம்பிக்கையால் ஏற்கலாமேயன்றி மெய்ப்பிக்க இயலாது. கையெழுத்து அவ்வாறன்று, அதற்கு உரியவர் இன்னார் என்பதில் ஐயமில்லை. வீட்டில் பழம் பதக்கத்தைப் பட்டுத்துணியில் பொதிந்து வைத்துவிட்டு, தாத்தா தமிழில் எழுதிய கடிதங்களைப் பழைய தாள் வாங்குவோரிடம் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தோட்டத்திலிருந்தும் இரயில்வே குடியிருப்பிலிருந்தும் ஊருக்குச் சென்ற கடிதங்களும், ஊரிலிருந்து வந்த மறுமொழிகளும் எத்தனை அவ்வாறு அழிந்தனவோ!

சவேரியார் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையருகே உள்ள சான்சியான் தீவில் காலமானார். மறுஆண்டு மார்ச்சு மாதம் அவருடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, குன்றின்மேல் உள்ள ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கோவாவுக்குப் புறப்பட்ட உடல் 1554 மார்ச்சில் அங்கே சேர்ந்தது. வலக்கை மட்டும் 1614-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டு, உரோமையில் உள்ள இயேசு சபையாரின் ஆலயத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மலாக்காவுக்கு அழைத்துச் செல்வோர், கோட்டை வாயிலோடு திரும்பிவிடாமல் செயிண்ட் பால் குன்றின் உச்சிக்கும் ஏறுவார்களாக. கூரையற்ற ஆலயத்தினுள், கம்பிவலை இட்ட வெறுங்குழி ஒன்று உண்டு. சவேரியார் சில திங்கள் துயின்ற இடம் அதுவே. வெளியே 1952-இல் நிறுவிய வெண்சிலைக்கு வலக்கை இல்லை. திருநிலைப்படுத்திய மறுநாளே சவுக்கு மரம் விழுந்து அது முறிந்தது என்பர். உரோமையில் உள்ள வலக்கையோடு இதனை இணைத்துப் பேசுவது அங்கு வழக்கம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 1614-ஐயும் 1952-ஐயும் தனித்தனியே சொல்லிவிடுங்கள்.