ஆறு வற்றியபோது வந்த காய்ச்சல்

போன மாதம் ஒலிபரப்பில் பதினைந்து நிமிடத்துக்குள் அவசரமாகச் சொல்லி முடித்ததை ஆறுதலாக எழுதித் தரும்படி நிலையத்தில் கேட்டார்கள். எழுதுகிறேன்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு உயிரியல் படிக்கிறாள். நான் வர்த்தகம் படித்தவன். ஒரு தவளையைக்கூட வெட்டிப் பார்த்ததில்லை. அவள் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டுப் போன பாடப்புத்தகத்தை ஒரு சனிக்கிழமை புரட்டினேன். விலங்குகளின் நடத்தை என்று ஓர் அத்தியாயம். நோய்கள் என்று இன்னோர் அத்தியாயம். இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ நூறு பக்கங்கள். எங்கள் தீவின் மலேரியாக் கதை தெரிந்த ஒருவர் அந்தப் புத்தகத்தை எழுதியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

மலேரியாவை நுளம்புதான் காவுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ரொனால்ட் ரொஸ். இந்தியாவில் பணியாற்றிய இராணுவ மருத்துவர். நோயாளிகளைக் கடிக்க விட்டு, பிறகு அந்த நுளம்புகளை வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்து இரண்டு வருடம் போயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. அவர் பிடித்துக்கொண்டிருந்தது வேறு இன நுளம்புகளை. 1897 ஆகஸ்ட் 20ஆம் திகதி செகந்தராபாத்தில், சிறகில் புள்ளிகள் உள்ள இன்னோர் இனத்தின் வயிற்றுச் சுவரில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார். அதுதான் அனோபிலிஸ். கடிபட்டுக்கொண்டு படுத்திருந்த ஹுசைன் கான் என்ற நோயாளிக்கு ஒரு நுளம்புக்கு ஓர் அணா கூலி. ரொஸ்ஸுக்கு 1902இல் நொபெல் பரிசு கிடைத்தது. கணக்காளனுக்கு அந்த ஓர் அணாதான் மனதில் நிற்கிறது.

எல்லா நுளம்பும் ஒன்றல்ல என்பது தெரிந்த பிறகு கேள்விகள் மாறின. எந்த நுளம்பு, எங்கே முட்டையிடுகிறது, எப்போது கடிக்கிறது, கடித்த பிறகு எங்கே போய் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு எங்கள் தீவு கொடுத்த விலை பெரியது.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். சாக்கடை நீர் அதற்கு ஆகாது. வெயில் படும் தெளிந்த தேக்கம்தான் வேண்டும். ஓடுகிற ஆற்றில் முட்டையிட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே மழை நன்றாகப் பெய்யும் தென்மேற்குப் பகுதி பெரும்பாலும் தப்பியிருந்தது. வறண்ட பகுதியில் மலேரியா வருடா வருடம் வருகிற விருந்தாளி. அங்கே பிழைத்து வளர்ந்தவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வற்றி, மணலுக்கும் பாறைக்கும் இடையில் ஆயிரக்கணக்கான சிறு குட்டைகளாகிவிட்டன. மழை வந்தால் நுளம்பு வரும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைப்போம். இங்கே மழை வராததால் வந்தது. அந்த வருடக் கடைசி மாதங்களில் கேகாலை, குருநாகல் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த மக்களின் இரத்தம் இந்த நோயை அறியாதது. விளைச்சலும் இல்லாமல் அரைவயிற்றோடு இருந்தவர்கள். 1935 ஏப்ரல் முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்துபோனார்கள். தீவின் மொத்தச் சனத்தொகை அப்போது ஐம்பத்தைந்து இலட்சத்தளவில்தான்.

கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோன சூரிய மல் இயக்கத்து இளைஞர்களில் என்.எம். பெரேராவும் ஒருவர். மறு வருடம், 1936 தேர்தலில், கேகாலைப் பக்கத்து றுவன்வெல தொகுதியில் அவர் வென்றார். காய்ச்சல் நேரத்தில் வாசலுக்கு வந்தவர் யார் என்பதைச் சனம் மறக்கவில்லை.

அடுத்தது சுவர். குலிசிபேசிஸ் இரவில் வீட்டுக்குள் வந்து கடிக்கும். கடித்ததும் வயிறு நிறைந்த பாரத்தோடு பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுண்ணி அதன் உடம்பில் முற்றுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். அதற்குள் சுவரில் வைத்தே நுளம்பைக் கொன்றுவிட்டால் காய்ச்சல் அடுத்த ஆளுக்குப் போகாது. 1946இல் டி.டி.ரி. தெளிப்புத் தீவெங்கும் தொடங்கியதன் நியாயம் இதுதான். ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆக இறங்கியது. அதில் டி.டி.ரி.யின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று பொருளியலாளர்கள் பல காலம் வாதாடினார்கள். 1963இல் முழுத் தீவிலும் பதிவான நோயாளிகள் 17 பேர்.

பதினேழு! வரவு செலவு பார்க்கிற எவனும் அந்த இடத்தில் செலவை நிறுத்தத்தான் சொல்வான், நானும் சொல்லியிருப்பேன். 1964இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். திரும்பவும் தெளித்தபோது நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகியிருந்தது. பிறகு 1977இல் மலத்தியனுக்கு மாறினார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் வன்னியில் பெரியம்மா வீட்டுக்குப் போனால், சட்டி பானையை முற்றத்தில் வைத்துவிட்டு நாங்கள் வெளியே நிற்க, மருந்தடிப்பவர்கள் உள்ளே போவார்கள். அந்த மணம் இரண்டு நாளைக்குச் சோற்றிலும் இருக்கும்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். குடாநாட்டில் மலேரியா குறைவு. அடுத்த வருடம் வன்னிக் காட்டோரக் கொட்டில்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது, 1934இன் கேகாலைச் சனத்தைப்போல நாங்களும் அறியாத இரத்தத்தோடு போனோம். சுவரே இல்லாத கொட்டிலில் எங்கே மருந்தடிப்பது? நான் மூன்று தரம் படுத்தேன். எங்கள் வரிசையில் ஐந்தாவது கொட்டிலில் ஒரு குழந்தை நாலாம் நாள் போய்விட்டது. தாய் அதன் போர்வையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். 1999இல் தீவில் பதிவான நோயாளிகள் இரண்டரை இலட்சத்துக்கு மேல். பெரும்பாலானவர்கள் வடக்கிலும் கிழக்கிலும்.

இந்த நாட்டுக்கு வந்து எட்டாம் மாதம், பனி கொட்டுகிற நேரத்தில், எனக்குத் திரும்பவும் அதே நடுக்கம். தடிமன் காய்ச்சல் என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். எங்கிருந்து வந்தாய் என்று மூன்றாவதாகப் பார்த்தவர்தான் கேட்டார். வைவக்ஸ் என்ற வகை ஈரலில் மாதக்கணக்காக உறங்கிவிட்டு எழும்பும். அதைத் தீர்க்க, பிரிமாகுயின் என்று வேறொரு குளிசை உண்டு.

தீவில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த வருட இறுதியிலேயே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற புதிய நுளம்பைக் கண்டார்கள். இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்புவது அது. ஆற்றுக் குட்டை அதற்குத் தேவையில்லை. கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும்.

மகள் வருகிற யூலையில் மன்னாருக்கு அம்மம்மாவிடம் போகிறாள். கிணற்றுக்குள் குடம்பி தெரிந்தால், அது நீரில் தலைகீழாகத் தொங்குகிறதா, மேற்பரப்போடு மட்டமாகக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தொங்கினால் வேறு நுளம்பு.

"மட்டமாகக் கிடந்தால், அப்பா?"

"படம் எடுக்கிறதைப் பிறகு பார். முதலில் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கச் சொல்லி அம்மம்மாவிடம் சொல்லு."