காவல் இல்லாத மதில்: சர்தை நகரின் வரலாறு

இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், மனிசா மாகாணத்தில் சார்த் என்ற சிற்றூரை ஒட்டிக் கிடக்கும் இடிபாடுகள், ஒரு காலத்தில் லிடியா நாட்டின் தலைநகராக விளங்கிய சார்டிஸின் எச்சங்களாகும். தமிழ் விவிலியத்தில் சர்தை என்று வழங்குவது இந்நகரே. வடக்கே கெடிஸ் ஆற்றின் வளமான சமவெளி விரிந்திருக்க, தெற்கே பண்டைக்காலத்தில் த்மோலஸ் எனப்பட்ட மலைத்தொடரிலிருந்து பிரிந்து நிற்கும் செங்குத்தான குன்றின் உச்சியில் அதன் கோட்டை அமைந்திருந்தது. செல்வத்துக்கும் அரணுக்கும் பெயர்பெற்ற இந்நகர், அந்த அரணை முற்றிலும் நம்பியதாலேயே இரண்டு முறை வீழ்ந்தது. உலகப் பாதுகாப்பில் சாய்ந்து இறைவனை மறக்கும் உள்ளத்துக்கு நேர்வது என்ன என்பதை இந்த ஊரின் வரலாறு கண்கூடாகக் காட்டுகிறது.

நகரை ஒட்டி ஓடிய பாக்டோலஸ் என்னும் சிற்றாறு மலையிலிருந்து பொன்துகளை அடித்துக்கொண்டு வந்தது. பொன்னும் வெள்ளியும் இயல்பாகவே கலந்த எலக்ட்ரம் என்னும் உலோகத்தைக் கொண்டு, கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே லிடியர் நாணயம் அடித்தனர். கி.மு. 560 அளவில் அரியணை ஏறிய குரோசஸ் மன்னனின் காலத்தில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் தனித்தனி நாணயங்கள் வெளிவந்தன. 1960களின் அகழாய்வில் அவ்வாற்றங்கரையிலேயே பொன் சுத்திகரித்த பட்டறை ஒன்று வெளிப்பட்டது. அங்கே மெல்லிய தகடாகத் தட்டிய பொன்னையும் பொன்துகளையும் உப்புடன் மண்கலத்தில் அடுக்கி மூடி, உருகிவிடாத அளவான சூட்டில் நெடுநேரம் புடமிட்டனர். உப்பு வெள்ளியைப் பிரித்து எடுத்துக்கொள்ள, பொன் தூய்மையாக எஞ்சியது. பொன்னின் மாற்று அறிய உதவும் உரைகல்லுக்கே லிடியக் கல் என்ற பெயர் கிரேக்க உலகில் வழங்கியது.

குரோசஸ் தெய்வங்களைப் புறக்கணித்தவன் அல்லன். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் விவரப்படி, தெய்வவாக்குக்குப் புகழ்பெற்ற டெல்ஃபி கோயிலுக்கு அவன் 117 பொற்கட்டிகளையும் பொன்னால் ஆன சிங்கம் ஒன்றையும் காணிக்கையாக அனுப்பினான். பாரசீகத்தின் மீது படையெடுக்கலாமா என்று அவன் கேட்டபோது, படையெடுத்தால் ஒரு பேரரசு அழியும் என்ற விடை கிடைத்தது. அழியப்போவது எதிரியின் அரசே என்று அவன் உறுதியாக எடுத்துக்கொண்டான். தனக்கு வேண்டிய விடையைத் தெய்வத்தின் வாயில் வைத்துக் கேட்கும் இந்த மனப்பான்மை, இறைவனை மறத்தலின் மிக நுட்பமான வடிவமாகும். இங்கே வழிபாடு நின்றுவிடவில்லை, காணிக்கை குறையவில்லை. ஆயினும் கருவூலம், படை, மதில் என்ற வரிசையில் தெய்வமும் மற்றொரு காப்பாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. எதன் முன் மனிதன் பணிய வேண்டுமோ, அது அவன் உடைமைகளுள் ஒன்றாகிப்போனது.

கி.மு. 546 வாக்கில், விவிலியத்தில் கோரேசு என வழங்கும் பாரசீக மன்னன் சைரஸ் சர்தையை முற்றுகையிட்டான். அதன் வீழ்ச்சியை ஹெரோடோட்டஸ் விளக்கும் முறை சிந்திக்கத்தக்கது. முற்காலத்து மன்னன் ஒருவன், சிங்கக்குட்டி ஒன்றை மதிலைச் சுற்றித் தூக்கிச் சென்றால் நகர் வெல்லப்படாது என்ற குறியை நம்பி அவ்வாறே செய்தபோது, ஏற முடியாதபடி செங்குத்தாக இருந்த ஒரு பகுதியை மட்டும் தேவையில்லை என்று விட்டுவிட்டான். அப்பகுதிக்குக் காவலும் போடப்படவில்லை. முற்றுகையின்போது லிடிய வீரன் ஒருவனின் தலைக்கவசம் அவ்விடத்தில் உருண்டு விழ, அவன் பாறை வழியே இறங்கி அதை எடுத்துக்கொண்டு மேலேறினான். அதைக் கவனித்த பாரசீகப் படைவீரன் ஒருவன் மறுநாள் அதே வழியில் ஏற, மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். முற்றுகை தொடங்கிப் பதினான்காம் நாளில் நகர் வீழ்ந்தது.

மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தபின், கி.மு. 215க்கும் 213க்கும் இடையே, செலூசிய மன்னன் மூன்றாம் அந்தியோக்கஸ் தனக்கு எதிராக எழுந்த அக்கேயஸை இந்நகரில் முற்றுகையிட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. நகருக்குள் இறந்தவர்களின் உடல்களும் மடிந்த விலங்குகளின் குடல்களும் ஒரு செங்குத்துச் சரிவில் எறியப்பட்டன. அவற்றைத் தின்ன வந்த கழுகுகள் அதற்கு மேலிருந்த மதிலில் அமைதியாக அமர்ந்திருப்பதைக் கிரீட் தீவைச் சேர்ந்த லாகோரஸ் என்ற படைத்தலைவன் கண்டு, அங்கே காவலர் இல்லை என்று முடிவு செய்தான். இரவில் ஏணி சாத்தி ஏறிய சிறு படை உள்ளிருந்து வாயிலைத் திறந்தது. இதை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ், அரண் வலிமையை நம்பிக் காவலைக் கைவிடுவதாலேயே மிக வலிய நகரங்கள் எளிதில் பகைவர் கைப்படுகின்றன என்று தெளிவாகக் கூறுகிறார்.

கி.பி. 17இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ரோமரின் ஆசிய மாகாணத்தின் பன்னிரண்டு நகரங்கள் சிதைந்தன. அவற்றுள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது சர்தை. ரோமப் பேரரசர் திபேரியஸ் ஒரு கோடி செஸ்டர்ஸ் எனப்படும் ரோமக் காசு மதிப்பில் உதவி அளிக்க உறுதி கூறி, ஐந்து ஆண்டுகளுக்கு வரியையும் தள்ளுபடி செய்தார். கி.பி. 26இல், அப்பேரரசருக்குக் கோயில் கட்டும் உரிமையைக் கேட்டுப் போட்டியிட்ட பதினொரு நகரங்களுள் சர்தையும் இருந்தது. உரிமை சிமிர்னாவுக்குச் சென்றது. குன்றை நம்பியிருந்த ஊர் இப்போது அரியணையை நம்பியது. சாயும் இடம் மாறிய போதிலும் சாய்வு மாறவில்லை.

இத்தகைய நகரில் வாழ்ந்த சிறிய கிறிஸ்தவச் சபைக்கு, முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர் கருதும் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு கடிதம் உள்ளது. உயிரோடிருப்பதாகப் பெயர் இருந்தும் அச்சபை செத்த நிலையில் இருப்பதாக அது கடிந்துகொள்கிறது. விழித்திராவிட்டால் திருடன் வருவதுபோல் எதிர்பாராத வேளையில் ஆண்டவர் வருவார் என்று எச்சரிக்கிறது. பிற சபைகளுக்கு எழுதிய கடிதங்கள் சிலவற்றில் துன்புறுத்துவோரும் பொய்ப்போதகரும் பேசப்பட, சர்தையின் கடிதத்திலோ புறப்பகை எதுவும் குறிப்பிடப்படவில்லை. பகையில்லாத அமைதியே அச்சபைக்கு ஆபத்தாயிற்று. தங்கள் நகரின் கதையை அறிந்த எவருக்கும் விழித்திரு என்ற அந்தச் சொல் வெறும் அறிவுரையாக ஒலித்திருக்க முடியாது.

அச்சபை அத்துடன் அழிந்துவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் மெலித்தோ என்ற ஆயர் அங்கே வாழ்ந்து, பாஸ்கா பற்றிய ஒரு சிறந்த மறையுரையை விட்டுச்சென்றார். குன்றின் அடிவாரத்தில் ஆர்த்தெமிஸ் தேவியின் பெருங்கோயிலில் இன்று இரண்டு தூண்களே முழு உயரத்துடன் நிற்க, அவற்றின் அருகே ஒரு மூலையில் பிற்காலத்துச் சிறு தேவாலயம் ஒன்றின் சுவர்கள் எஞ்சியுள்ளன. மேலே, நொறுங்கும் தன்மை கொண்ட அக்குன்றோ மழையிலும் நிலநடுக்கத்திலும் ஆண்டாண்டாகச் சரிந்து, பண்டைக் கோட்டையின் பெரும்பகுதியைத் தன்னோடு கீழே கொண்டுசென்றுவிட்டது. சிங்கக்குட்டியைக் கொண்டுசெல்லத் தேவையில்லை என்று மன்னன் விட்டுவிட்ட இடம் ஒவ்வொரு மனித உள்ளத்திலும் உண்டு. நலமும் சேமிப்பும் நற்பெயரும் காத்துக்கொள்ளும் என்று கருதி இறைவனை அழைக்காமல் விட்ட பகுதி அது. வீழ்ச்சி அவ்வழியாகவே ஏறி வரும் என்பதைச் சர்தை இரண்டு முறை தன் உயிரைக் கொடுத்துக் கற்றது.