சரிகையில் ஓடும் மின்சாரம்

ஜொகூர் மலாய் ஆண்கள் பெருநாளுக்கு உடுத்தும் தெலுக் பெலாங்கா சட்டைக்குக் காலர் கிடையாது. வட்டக் கழுத்து, முன்புறம் சிறு பிளவு, ஒற்றைப் பொத்தான், அவ்வளவுதான். அழகெல்லாம் கழுத்து விளிம்பில் கையால் நெருக்கிப் போடும் 'துலாங் பெலுட்' தையலில் இருக்கிறது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். அப்போது ஜொகூரை ஆளும் தெமெங்கோங்காக இருந்த அபு பக்கார், 1866இல் தலைநகரைச் சிங்கப்பூரின் தெலுக் பெலாங்காவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மாற்றியதன் நினைவாக இந்த உடை பிறந்ததாகச் சொல்கிறார்கள்.

ஊசி வேலையில் இத்தனை மெனக்கெடும் மாநிலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகளும் ஏராளம். இரண்டும் சேரும் கலைக்கு வேறு ஊர்களில் நீண்ட வரலாறு உண்டு.

1883இல் நியூயார்க் விருந்தொன்றுக்கு ஆலிஸ் வாண்டர்பில்ட் 'மின்விளக்கு' வேடத்தில் வந்தார். பாரிஸின் வோர்த் நிறுவனம் தைத்த அந்த உடையில் பொன், வெள்ளி இழை வேலைப்பாடு. கையில் பேட்டரி விளக்கு. இழை மின்னியதோடு சரி, அதில் மின்சாரம் ஓடவில்லை.

ஓட வைத்தது நம் பக்கத்துத் துணி! 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் இருவரும் இந்தியாவில் நெய்த ஆர்கான்ஸா பட்டை எடுத்துக்கொண்டார்கள். பட்டு இழை மேல் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி நெய்த துணி அது. சரிகை செய்யும் முறையேதான். அதை வைத்துத் தொட்டால் வேலை செய்யும் துணி விசைப்பலகையையே உருவாக்கினார்கள். 2007இல் லியா பீச்லி வடிவமைத்த, துணியில் தைக்கும் 'லிலிபேட்' மின்னணுப் பலகை கடைக்கு வந்தது. ஓரமெங்கும் துளைகள்; சாலிடர் வேண்டாம், மின்கடத்தும் நூலைத் துளையில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கினால் போதும். துணி மடிந்து, விளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் இரண்டு நூலும் உரசினால் மட்டும் விளக்கு அணைந்துவிடும்.

இந்த வகையில் அசத்தலான படைப்பு, ஐரீன் போஷும் எப்ரு குர்பக்கும் 2018இல் காட்டிய 'பூத்தையல் கணினி'. பொன்னிழையைச் சுருளாகத் தைத்து நடுவே காந்த மணி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் மணி புரளும். பார்வையாளரே கணினிக்குக் கட்டளை கொடுக்கலாம்.

ஜொகூருக்கு இதெல்லாம் எட்டாக்கனி அல்ல. பத்து பகாட் ஆடை ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணியிலேயே ஆண்டெனா செய்து பார்த்திருக்கிறார்கள். கைத்தையல்காரர்களை அந்த ஆய்வகத்துக்குள் அழைத்து உட்கார வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவான் பக்கம் புடவை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பிளாஸ்டிக் சரிகையில் இந்த வித்தை நடக்காது. கிழிந்துபோன பழைய பட்டிலிருந்து அசல் வெள்ளிச் சரிகை இழைகள் இரண்டை உருவி, பொத்தான் பேட்டரிக்கும் சின்ன எல்இடிக்கும் நடுவே ஒன்றோடொன்று ஒட்டாமல் பிடித்துப் பாருங்கள். எல்இடியின் முனைகள் சரியாகப் பொருந்தினால் விளக்கு எரியும்.