தளத்தின் முதிர்ச்சியும் வணிக மென்பொருளின் ஆயுளும்

சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு, கடன் கணக்கு ஆகியவற்றைக் கையாளும் மென்பொருள் ஒருமுறை ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டால், எளிதில் யாரும் அதில் கை வைப்பதில்லை. எழுதியவர்கள் வேலை மாறிப் போன பின்னும் அது நிறுவனத்தோடு தங்கிவிடுகிறது. அது நிற்கும் தளத்துக்கு அவ்வளவு ஆயுள் இருக்குமா என்பதே சிக்கல். புதிய தளம் ஆபத்து, பழையது பத்திரம் என்ற வழக்கமான அறிவுரை பாதிதான் உண்மை. தளம் மாறும்போது அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பது, தளத்தின் வயதைவிட முக்கியமானது.

முதிராத தளத்தின் செலவு கண்ணுக்குத் தெரியும். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி 2014இல் வந்தது. 2016இல் வெளியான மூன்றாம் பதிப்பு, மொழியின் இலக்கணத்தையும் நூலகச் செயற்கூறுகளின் பெயர்களையும் பெருமளவில் மாற்றியது. அதற்கு முன் எழுதிய நிரல்களைத் திருத்தாமல் அதில் தொகுக்க முடியவில்லை. பயனருக்குப் புதிதாக ஒரு வசதியும் கிடைக்காமலேயே நிரலர்களின் வாரங்கள் கரைந்தன. ஒரு பதிப்பில் தொகுத்த நிரல் அடுத்த பதிப்புகளோடும் ஒத்தியங்கும் இருமநிலை நிலைத்தன்மை 2019இல், ஐந்தாம் பதிப்பில்தான் ஆப்பிளின் இயங்குதளங்களில் கைகூடியது. ஆனாலும் அம்மொழி பிழைத்தது. பட்ட பாடு வீண்போகவில்லை.

சில்வர்லைட்டை நம்பியவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2007இல் வெளியிட்ட இந்த உலாவிச் செருகுநிரலைக் கொண்டு பல நிறுவனங்கள் தங்கள் உள்ளலுவலகச் செயலிகளைக் கட்டின. 2011 இறுதியில் வந்த ஐந்தாம் பதிப்பே கடைசி. அதை வீழ்த்தியது வழுக்கள் அல்ல. ஐபோன் செருகுநிரல்களை ஏற்கவில்லை. எச்டிஎம்எல் 5 வளர்ந்தது. 2015இல் குரோம் பழைய செருகுநிரல் முறையையே கைவிட்டது. ஆதரவு 2021 அக்டோபரில் முடிந்தது.

இதுவரை வழக்கமான அறிவுரை சரியாகவே தோன்றும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் மொழி அதைக் குலைக்கிறது. 1991இல் தொடங்கி 1998இல் ஆறாம் பதிப்பை எட்டிய அது, எந்த அளவுகோலிலும் முதிர்ந்த தளம். 2002இல் அதே நிறுவனத்தின் டாட்நெட் தளம் வந்தபோது, அதே பெயரைத் தாங்கிய புதிய மொழி பழைய நிரல்களை அப்படியே ஏற்கவில்லை. பழைய செயலிகள் விண்டோஸில் இன்றும் ஓடுகின்றன; அவற்றைத் திருத்துவதற்கான கருவிக்கோ 2008இலேயே ஆதரவு நின்றுவிட்டது. மாற்றத்தின் செலவு முழுவதும் வாடிக்கையாளர்மேல் விழுந்தது.

ஐபிஎம் வழி வேறு. 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 பெருங்கணினிகளுக்கு எழுதிய பயன்பாட்டு நிரல்கள் பலவற்றை அதன் இன்றைய வழித்தோன்றல்களும் இயக்குகின்றன. இது பெருந்தன்மையால் அல்ல. பழைய நிரல் ஓடும்வரைதான் வங்கிகளும் அரசுகளும் அடுத்த இயந்திரத்தை அவர்களிடம் வாங்கும். இங்கும் ஆபத்து உண்டு. அது ஆள்பற்றாக்குறையாக வருகிறது. 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்து வேலையின்மை விண்ணப்பங்கள் குவிந்தபோது, இத்தகைய பழைய அமைப்புகளில் பயன்படும் கோபால் (COBOL) மொழி அறிந்த தன்னார்வலர்கள் தேவை என்று நியூ ஜெர்சி ஆளுநர் வெளிப்படையாகவே கேட்க வேண்டியிருந்தது.

தளத்தைத் தேர்வது நிறுவனத்தின் கையில் இருந்தாலும், அதன் எதிர்காலம் உரிமையாளரின் கையில்தான். நிறுவனத்தால் ஆவது, வணிக விதிகளைத் தளத்திலிருந்து விலக்கி வைப்பது. வரிக் கணக்கை விஷுவல் பேசிக் படிவத்தின் பொத்தானுக்குள்ளேயே எழுதியவர்கள், தளம் மாறியபோது திரையோடு கணக்கையும் திரும்ப எழுத நேர்ந்தது. அதே விதிகளைத் தரவுத்தளத்தில் வைத்திருந்தவர்களுக்குத் திரையை மட்டும் மாற்றுவதே பெரிய வேலையாக இருந்தது.