சம்பளச் சீட்டு இல்லாதவரின் இழப்பு: பாகான் டத்தோவிலிருந்து மலேசிய இழப்பீட்டுச் சட்டம்

சாலை விபத்திலோ தவறான சிகிச்சையிலோ பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்பதில் மலேசியச் சட்டத்தில் ஐயமில்லை. ஆனால் அந்த உரிமை யார் கையில் எவ்வளவு வெள்ளியாகச் சேர்கிறது என்று கணக்குப் பார்த்தால், மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்தே சட்டம் எழுதப்பட்டிருப்பது தெரியவரும். 2017 ஜனவரியில் பேராக்கின் 12ஆவது மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பாகான் டத்தோ, தென்னையையும் செம்பனையையும் நம்பி வாழும் கடலோர வட்டாரம். தேங்காய் உரித்து எண்ணிக்கைக் கணக்கில் கைக்காசு வாங்குவோரும், அறுபதைத் தாண்டியும் உழைப்பை விட முடியாதவர்களும் இங்கே உண்டு. இவர்களைச் சட்டம் குறைத்து மதிக்கிறது என்பதும், அந்தக் குறை திருத்தக்கூடியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வழக்காடும் வழி அடைபட்டிருக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் 90ஆம் பிரிவு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. தீர்ப்புத் தொகையைக் கட்டும் கடமையை 96ஆம் பிரிவு காப்புறுதி நிறுவனத்தின் மேல் வைக்கிறது. மோதிய வண்டிக்குக் காப்புறுதியே இல்லையென்றால், மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்தை நாடலாம். சந்தா கட்டியிருந்தால், வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பலன் தருகிறது. வாகன விபத்து வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பு கிடையாது. ஆகவே பெரிய கோரிக்கையையும் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்கு அலையாமல் பக்கத்து ஊரான தெலுக் இந்தானிலேயே நடத்தலாம்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. விபத்தில் ஒருவர் இறந்தால், அவரை நம்பியிருந்த குடும்பத்தின் இழப்பை 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவு அளக்கிறது. அவர் குடும்பத்துக்குக் கொடுத்துவந்த தொகையை எத்தனை ஆண்டுகளால் பெருக்குவது என்பதை நீதிபதி தம் விருப்பப்படி முடிவுசெய்ய முடியாது. 1984இல் வந்த திருத்தம் அதைச் சூத்திரமாக்கிவிட்டது. இறந்தவருக்கு வயது 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் 16 ஆண்டு. அதற்கு மேல் என்றால் 55இலிருந்து அவர் வயதைக் கழித்து, வருவதில் பாதி. தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலையிலேயே 60 ஆனபோதும் இந்த 55 அப்படியே நின்றது. 2019 செப்டம்பர் 1ஆம் தேதிதான் 60 ஆனது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் 56 வயதில் சாலையில் இறந்த தொழிலாளியின் வருமான இழப்பு, அவர் வேலையில் இருந்தும், சட்டத்தின் கண்ணில் பூஜ்யம்.

இன்றைய சூத்திரத்தையே ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கலாம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கியவர் தம் செலவு போக மாதம் 1,000 ரிங்கிட் வீட்டுக்குக் கொடுத்தார் என்று கொள்வோம். 45 வயதில் இறந்தால் ஏழரை ஆண்டு, அதாவது 90,000 ரிங்கிட். 58 வயதென்றால் ஓராண்டு, 12,000 ரிங்கிட். அறுபது நிறைந்துவிட்டால் ஒன்றுமில்லை. கணவனையோ மனைவியையோ இழந்தவருக்குத் துயர் இழப்பீடாக 30,000 ரிங்கிட் உண்டு. 2019க்கு முன் அது 10,000. ஆனால் பேரப்பிள்ளையின் பள்ளிச் செலவைச் சுமந்த 62 வயதுக்காரரின் உழைப்புக்கு விலை எதுவும் வைக்கப்படவில்லை.

இந்தியாவில் கணக்கு வேறு. 2009இல் சரளா வர்மா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 56 முதல் 60 வயதுவரை 9 ஆண்டும், 61 முதல் 65 வரை 7 ஆண்டும், 66 முதல் 70 வரை 5 ஆண்டும் பெருக்கப்படும். சூத்திரம் இருந்தால்தான் தீர்ப்புகள் சீராக இருக்கும், காப்புறுதிக் கட்டணமும் கட்டுக்குள் நிற்கும் என்று மலேசியாவில் சொல்லப்படுவதுண்டு. சீர்மை வேண்டும் என்பது நியாயமே. ஆனால் எழுபது வயதுவரை நீளும் அட்டவணையும் அதே சீர்மையைத் தருகிறதே!

பெண்களின் நிலை இதைவிட மோசம். இறந்தவர் தம் உழைப்பாலோ வேறு ஆதாயத் தொழிலாலோ வருமானம் ஈட்டியவர் என்று நிரூபித்தால்தான் வருமான இழப்பு கணக்கில் வரும். மனைவியின் பணிவிடையை இழந்ததை மட்டும் காரணமாக்கிக் கணவர் இழப்பீடு கேட்க முடியாது என்று 7ஆம் பிரிவே சொல்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, மாமியாரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவள் இறந்தால், அந்த வேலைகளை இனிக் கூலிக்கு ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்தச் செலவு மெய்யானது. லதா வாத்வா வழக்கில் 2001இலேயே இந்திய உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டுக் கணக்கிட்டது.

மருத்துவப் பிழை வழக்குகளில் நீதிமன்றங்கள் நோயாளியின் பக்கம் கணிசமாக நகர்ந்திருக்கின்றன. முன்னோடியான ஃபூ ஃபியோ நா வழக்கு தொடங்கியதே ஒரு கார் விபத்தில்தான். 1982 ஜூலையில் கழுத்தெலும்பு விலகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண், அறுவை சிகிச்சைக்குப் பிறகு முடங்கிப்போனார். சிகிச்சையின் ஆபத்தை நோயாளியிடம் சொல்ல வேண்டியது எவ்வளவு என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் முடிவுசெய்யாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006 டிசம்பரில். இருபத்து நான்கு ஆண்டுகள்! நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் அந்த விதி பொருந்தாது என்று 2017இல் சுல்ஹஸ்னிமார் வழக்கு எல்லை வகுத்தது. 2024 பிப்ரவரியில், மருத்துவர் தங்கள் ஊழியரல்லர் என்று சொல்லித் தனியார் மருத்துவமனை பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்ற தீர்ப்பும் வந்தது.

ஆனால் பாகான் டத்தோவின் ஏழை நோயாளி போவது தெலுக் இந்தான் அரசு மருத்துவமனைக்கு. அங்கே முடியாவிட்டால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு. தனியார் மருத்துவமனையின் கவனக்குறைவுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அரசு மருத்துவமனை என்றால், 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் அதை மூன்றாண்டாக்கிவிடுகிறது. பணம் கட்டி மருத்துவம் பார்க்க முடிந்தவருக்கு ஆறு, முடியாதவருக்கு மூன்று. நோயாளிக்குத் தம் உடலில் நடந்தது என்னவென்று புரியவே காலம் பிடிக்கும் ஒரு துறையில், இந்த வேறுபாட்டுக்கு என்னால் எந்த நியாயமும் காண முடியவில்லை. நுகர்வோர் தீர்ப்பாயத்துக்கும் போக வழியில்லை. மருத்துவச் சேவையை 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கிவைத்திருக்கிறது.

ஆகவே மூன்று திருத்தங்கள் உடனே தேவை: பெருக்கெண் எழுபது வயதுவரை நீள வேண்டும், வீட்டு வேலைக்கு மதிப்பு வைக்க வேண்டும், அரசு மருத்துவமனை நோயாளிக்கும் ஆறாண்டு வேண்டும். அதுவரை குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். இறப்பு வழக்கை மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதைச் சட்டத் தொழில் சட்டம் தடைசெய்கிறது. மருத்துவமனை வாசலுக்கே வந்து கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகரை நம்பக் கூடாது. சம்பளச் சீட்டு இல்லை என்பதாலேயே கோரிக்கை விழுந்துவிடாது. கூலி கொடுத்த முதலாளியின் வாய்மொழிச் சாட்சியத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம். தேங்காய் வியாபாரியின் கணக்கு நோட்டு இருந்தால் அந்தச் சாட்சியம் குறுக்கு விசாரணையில் நிற்கும். தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைகள் அந்த நோட்டுகளின் நகலை இப்போதே வாங்கி வைக்கத் தொடங்கலாம்.